வாசல் வரைக்கும் ஒரு ஊர்வலம்



ஞாயிற்றுக்கிழமை என்றால் கோவளத்துக்காரர்களுக்கு அலாரம் தேவையில்லை. பொழுது புலர்வதற்கு முன்பே ஈசிஆரில் புல்லட்டுகள் வரிசைகட்டிப் போக ஆரம்பித்துவிடும். முட்டுக்காடு பாலத்தில் ஏறும்போதே சத்தம் கேட்டுவிடும். மாமல்லபுரம் வரை போய் பொங்கல், வடை, காபி முடித்து, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார்கள். 'வாரத்தில் ஒருநாள் தூங்கலாம் என்றால் விடமாட்டேன் என்கிறார்களே' என்று அவர்களைத் திட்டாத வீடு இந்தச் சாலையோரத்தில் இருக்காது. அந்தச் சத்தத்துக்காகவே ஒரு குழந்தை ஏங்கிய கதை ஒன்று உண்டு. அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

2021 ஜூலை. ஜெர்மனியின் வடமேற்கு மூலையில், நெதர்லாந்து எல்லையை ஒட்டிய பகுதியில் ரௌடர்ஃபேன் என்று ஓர் ஊர். அங்கே ஆறு வயதுப் பையன் ஒருவனுக்குப் புற்றுநோய். குணப்படுத்த வழியில்லை என்று ஆகிவிட்டது. அவனுக்கு மோட்டார் பைக் என்றால் உயிர். 'பைக் வைத்திருப்பவர்கள் எங்கள் வீட்டு வழியாக ஒருதரம் போக முடியுமா' என்று ஒரு வேண்டுகோள் இணையத்தில் போனது. இருபது, முப்பது வண்டி வந்தாலே பெரிது என்றுதான் நினைத்தார்கள். வந்தவை பத்தாயிரத்துக்கும் மேல். அந்தச் சின்ன ஊரில் போலீஸ் நின்று போக்குவரத்தை ஒழுங்குபடுத்த, பைக்குகள் போய்க்கொண்டே இருந்தன. தோல் ஜாக்கெட் போட்ட முரட்டு ஆசாமிகள் அந்த வீட்டைத் தாண்டும்போது ஓர் உறுமல், ஒரு கையசைப்பு. அவ்வளவுதான். 'எப்படிப்பா இருக்கே, டாக்டர் என்ன சொல்றார்' என்ற விசாரணை கிடையாது. ஆப்பிள் பை கிடையாது. அவனுக்குப் பிடித்ததை அவன் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள், போய்விட்டார்கள்.

இங்கிலாந்து, அயர்லாந்து, அமெரிக்கா பக்கத்துக் கிராமங்களில் இதையே ட்ராக்டரில் செய்கிறார்கள். பழைய ட்ராக்டர்களைத் தேடிப்பிடித்து, துருவைச் சுரண்டி, இன்ஜினைப் பிரித்துச் சேர்த்து, புதுப் பெயிண்ட் அடித்து வைத்துக்கொள்பவர்கள் சேர்ந்து அங்கே சங்கம் வைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் வயதானவர்கள், விவசாயத்தை விட்டு ஓய்வுபெற்றவர்கள். வசந்தகாலத்தில் ஒன்றாக ஊர்சுற்றுவார்கள், உழவுப் போட்டி நடத்துவார்கள், நல்ல காரியங்களுக்குப் பணம் திரட்டுவார்கள். நார்ஃபோக் பக்கத்தில் 2004 முதல் பெண்கள் மட்டும் பங்கேற்கும் ஓர் ஊர்வலம் நடக்கிறது. இளஞ்சிவப்பு உடையில், ட்ராக்டரையும் இளஞ்சிவப்பில் அலங்கரித்துக்கொண்டு, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நிதி சேர்க்கிறார்கள். சங்கத்து ஆள் யாராவது படுத்துவிட்டால் அவர் பிறந்தநாளைப் பார்த்து, அவருக்கு மூச்சுக் காட்டாமல், மொத்தச் சங்கமும் வண்டிகளோடு அவர் வீட்டு வழியாகப் போவது உண்டு. 2020 ஊரடங்கு நாட்களில், ஒருவர் வீட்டுக்குள் இன்னொருவர் போக முடியாத நேரத்தில், இந்த வாசல் ஊர்வலம் ட்ராக்டரோடு நிற்காமல் கார், சைக்கிள், தீயணைப்பு வண்டி என்று பல நாடுகளுக்கும் பரவியது.

ட்ராக்டரில் அப்படி என்ன ஒட்டுதல் என்று தோன்றலாம். அந்தச் சங்கங்களில் அதிகம் பார்க்கக் கிடைக்கும் வண்டி, சாம்பல் நிற பெர்குசன் டிஇ-20. 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதை வடிவமைத்த ஹாரி பெர்குசன் அயர்லாந்துக்காரர். தானே செய்த விமானத்தில் 1909ஆம் ஆண்டின் கடைசி நாளில் பறந்து காட்டியவர். கலப்பையை ட்ராக்டருக்குப் பின்னால் சும்மா இழுத்துக்கொண்டு போகாமல், மூன்று இடங்களில் பிணைத்து, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்கும் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். இன்று மதுராந்தகத்தில் ஓடுகிற ட்ராக்டரிலும் இருப்பது அதே ஏற்பாடு. அந்தச் சாம்பல் வண்டியை ஸ்டார்ட் செய்ய சாவி திருகுவதில்லை. கியர் லிவரை ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத் தள்ளினால் ஸ்டார்ட்டர் பிடிக்கும். கியரில் கிடக்கும் வண்டி தெரியாமல் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்கான யோசனை. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹில்லாரி தென்துருவத்துக்குப் போய்ச் சேர்ந்ததும், சங்கிலிப் பட்டை மாட்டிய இதே ரக பெர்குசன் ட்ராக்டரில்தான்.

இதில் நம் ஊருக்கும் ஓர் உறவு இருக்கிறது. டிஇ-20 வண்டிகளை இங்கிலாந்தில் தயாரித்துக் கொடுத்தது ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. அதே ஸ்டாண்டர்டு பெயரில் நம் பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலை ஓரம் கார் தொழிற்சாலை இருந்ததே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வந்த இடம், நினைவிருக்கிறதா? அங்கே வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் தாம்பரம், வண்டலூர் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். பெர்குசன் பெயரைத் தாங்கிய ட்ராக்டரோ 1960இல் தொடங்கிய டாஃபே மூலமாகச் சென்னைக்கே வந்துவிட்டது. கடலோரக் குப்பங்களில் ஃபைபர் படகைக் கரையேற்றுவதும் இன்றைக்கு ட்ராக்டர்தான். முன்பு இருபது கைகள் சேர்ந்து 'ஏலேலோ' என்று இழுத்த வேலை அது.

ஒரு வண்டியோடு நாற்பது வருஷம் பழகியவருக்கு அதன் சத்தம் மனிதக் குரல் மாதிரி. எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேளுங்கள், தெருமுனையில் வரும்போதே இது யார் வண்டி என்று சொல்லிவிடுவார். படுக்கையில் கிடக்கும் ட்ராக்டர்க்காரருக்கு வெளியே முதல் வண்டி முக்கும்போதே வந்திருப்பது யார் என்று தெரிந்துபோகும். இரண்டாவது வண்டியில் டைமிங் சரியில்லை என்பதும் தெரியும். 'இன்னும் அவன் அதைச் சரிபண்ணலையா' என்று கேட்பார் பாருங்கள், அந்தக் கேள்வி கேட்கும் நேரத்தில் அவர் நோயாளி இல்லை. சங்கத்து ஆள். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தது இதைத்தான். நோயில் விழுந்தவரிடம் நாம் முதலில் பறித்துக்கொள்வது அவருடைய சங்கத்து உறுப்பினர் பதவியை. நேற்று வரை கேரம் போர்டில் நம்மைத் தோற்கடித்தவரிடம் இன்று போய் 'சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா' என்று மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம்.

வாசலுக்கு வரும் ஊர்வலம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வைகாசி பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் கருட சேவை. விடியற்காலையில் பெருமாள் கருடன்மேல் கோபுர வாசலுக்கு வரும்போது சில நொடிகள் குடையால் அவரை மறைப்பார்கள். இதற்குத் தொட்டாச்சாரியார் சேவை என்று பெயர். சோளிங்கரைச் சேர்ந்த தொட்டாச்சாரியார் வருடம் தவறாமல் கருட சேவைக்குக் காஞ்சி வருகிறவர். ஒரு வருடம் உடம்பு முடியாமல் போக முடியவில்லை. ஊரில் தக்கான் குளக்கரையில் நின்று 'இந்நேரம் பெருமாள் கோபுர வாசலுக்கு வந்திருப்பாரே' என்று உருகினாராம். பெருமாள் கருடனோடு அங்கேயே வந்து காட்சி கொடுத்ததாக ஐதிகம். அந்த நேரம் பெருமாள் இங்கே இல்லை, சோளிங்கர் போயிருக்கிறார் என்பதற்காகத்தான் இன்றும் குடையால் மறைக்கிறார்கள். யோசித்துப் பாருங்கள். ஊரே கூடியிருக்கிற திருவிழாவில், வர முடியாத ஒரே ஒரு ஆளுக்காகச் சில நொடிகள் எல்லோரையும் காக்கவைக்கும் வழக்கத்தைக் காலாகாலமாகக் காப்பாற்றி வருகிறோம்.

அவ்வளவு பழைய காலத்துக்குப் போக வேண்டாம், நம் தெருவிலேயே பார்க்கலாம். சாமி புறப்பாடு என்றால் மேளச் சத்தம் இரண்டு தெரு தள்ளிக் கேட்கும்போதே, முடியாத பெரியவர் இருக்கும் வீட்டில் பரபரப்பு தொடங்கிவிடும். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துத் திண்ணையில் போடுவார்கள். தாத்தாவுக்கு லுங்கியை மாற்றி வேட்டி கட்டிவிடுவார்கள். சட்டையில் ஒரு கையை நுழைத்து, மரத்துப்போன இன்னொரு கையை மெதுவாக மடக்கி நுழைப்பாள் மருமகள். நெற்றியில் திருநீறு. சாமி வந்ததும் பல்லக்குத் தூக்கிகள் கோலைக் கொடுத்து நிறுத்துவார்கள். அர்ச்சகர் தட்டை எடுத்துக்கொண்டு படியேறி வருவார். அந்த வாசலில் நிற்கிற நேரம் கணக்கில் பார்த்தால் ஒரு நிமிஷம்தான். அன்றைக்கு ராத்திரி வரைக்கும் தாத்தா அதையே சொல்லிக்கொண்டிருப்பார். கோவளத்தில் கார்மேல் மாதா தேர் வந்தாலும், தர்கா சந்தனக்கூடு வந்தாலும் இந்த நாற்காலி போடும் வேலை ஒன்றேதான்.

சாமிக்கு இருக்கும் இந்த நல்ல பழக்கம் நமக்கு ஏன் இல்லாமல் போனது? இல்லை என்று சொல்லவும் முடியாது. ஊர்வலம் நடத்தத்தான் செய்கிறோம். என்ன, ஆள் போன பிறகு நடத்துகிறோம். பறை, பட்டாசு, பூப்பல்லக்கு, பல்லக்கின்மேல் ஆளுயர மாலை, தெருமுனைக்குத் தெருமுனை கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர் இறந்தால் அத்தனை ஆட்டோவும் கறுப்புக்கொடி கட்டிப் பின்னால் போகும். பார்த்திருக்கிறீர்கள். அதே ஆட்டோக்கள் அவர் உயிரோடு படுத்திருந்த ஆறு மாதத்தில் ஒருநாள், சும்மா ஹாரன் அடித்துக்கொண்டு அவர் சந்துக்குள் வந்திருக்கலாம். இறுதி ஊர்வலத்தைக் குறை சொல்லவில்லை, நடக்கட்டும். அதில் மிகவும் சந்தோஷப்படக்கூடிய ஒருவர் மட்டும் அதைப் பார்க்காமல் போய்விடுகிறார் என்பதுதான் சங்கடம்.

நோய் இப்போது ஆஸ்பத்திரியைவிட வீட்டில்தான் அதிக நாள் குடியிருக்கிறது. ஒரு காலத்தில் காசநோய் என்றால் மாதக்கணக்கில் சானடோரியத்தில் போய்த் தங்க வேண்டும். டாக்டர் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கியது அப்படி ஒன்றுதான். ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. பிறகு 1950களின் கடைசியில் சென்னையில் நடந்த ஆய்வுதான், வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்துக்கு ஈடாகக் குணமாகும் என்று உலகத்துக்கே காட்டியது. நோயாளியை ஊரைவிட்டுப் பிரிக்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. 2021 ஆகஸ்ட் 5 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வந்து, பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும், தேவைப்பட்டால் பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. அரசாங்கம் வாசலுக்கு வந்துவிட்டது. சினேகிதர்கள்தான் தொடர்ந்து வருவதில்லை. முதல் மாதம் வருகிறார்கள், பிறகு போன், பிறகு வாட்ஸப்பில் பூங்கொத்துப் படம்.

ட்ராக்டர் சங்கம் நமக்கு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். சங்கம் இல்லாத தமிழன் உண்டா? தாம்பரத்திலிருந்து பீச் வரை அதே 7.40 வண்டியில், அதே பெட்டியில் முப்பது வருஷம் சீசன் டிக்கெட்டில் போன கூட்டம் ஒரு சங்கம்தானே? அந்தத் தடத்தில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931இல். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளில் ஆடிய சீட்டுக்கட்டுகளையும் பாடிய பஜனைகளையும் எண்ணி முடியாது. ஓய்வுபெற்று, இடுப்பெலும்பு உடைந்து குரோம்பேட்டையில் படுத்திருக்கும் ஒருவர் வீட்டுக்கு அந்தப் பெட்டிக்காரர்கள் ஆறு பேர் போய், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, பழையபடி சண்டைபோட்டுக்கொண்டு ஒரு ஆட்டம் ஆடிவிட்டு வந்தால் அது ஊர்வலம் இல்லாமல் வேறு என்ன? கோவளத்தில் அலைச்சறுக்குக் கற்றுக்கொடுக்கும் மீனவப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் ஃபைபர் படகில் கொடி கட்டிக் கரையை ஒட்டி ஒரு சுற்று வந்தால், கடலுக்குப் போக முடியாமல் திண்ணையில் இருக்கும் பெரியவர் ஒவ்வொரு படகுக்கும் சொந்தக்காரர் பெயரைச் சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை புல்லட் தம்பிகளே, உங்களையும் சேர்த்துத்தான். மாமல்லபுரத்துப் பொங்கல் ஒருவாரம் பொறுக்கும்.

செய்வதாக இருந்தால் சில விஷயம். ஆச்சரியம் கொடுப்பது நோயாளிக்கு மட்டும். வீட்டில் அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு, அது மனைவியோ மகளோ மருமகளோ, முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்த நேரம் வலி குறைவாக இருக்கும், எப்போது குளிப்பாட்டியிருப்பார்கள், எப்போது தூங்குவார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். நாற்பது பேர் திடீரென்று வந்து நின்றால் அந்த அம்மா நாற்பது பேருக்கு டீ போட ஓடுவார். வாசல் ஊர்வலத்தின் பெயரால் ஒரு பெண்ணை அடுப்படியில் நிறுத்துவதைவிட அபத்தம் கிடையாது. ஆகவே டீயை ஃபிளாஸ்கில் நீங்களே கொண்டுபோங்கள், அவருக்கும் ஒரு கப் ஊற்றிக் கொடுங்கள்.

கீமோ எடுப்பவர் என்றால் அறைக்குள் கூட்டம் வேண்டாம், வாசலோடு நிற்கட்டும். நுரையீரல் கோளாறு உள்ளவர் தெருவில் பட்டாசும் டீசல் புகையும் கூடவே கூடாது. வண்டியை அணைத்துவிட்டு நில்லுங்கள். ஆஸ்பத்திரி என்றால் சுற்றிலும் 100 மீட்டர் அமைதி மண்டலம், அங்கே ஹாரன் வேலை ஆகாது. ட்ராக்டர் ட்ரெய்லரில் ஆளேற்றிக்கொண்டு போவது சட்டத்துக்கும் ஆகாது, உயிருக்கும் ஆகாது. வண்டிகள் அதிகம் என்றால் உள்ளூர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். பிளெக்ஸ் பேனர் வைக்கும் யோசனை வந்தால், 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து ஓர் இளம்பெண்ணின் உயிர் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, மெலிந்துபோன முகத்தை ஊர் பார்க்க வேண்டாம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் ஜன்னலுக்கு வெளியே சத்தம் மட்டும் போதும். அதையும் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை. எடுத்த வீடியோவை ஊருக்கெல்லாம் அனுப்பாமல் இருப்பதும் அதே மரியாதைதான்.

பிறந்தநாள் எது என்பதில் ஒரு சிக்கல் வரும். நம் பெரியவர்கள் பாதிப் பேர் ஆவணப்படி ஜூன் மாதம் பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்ட தேதி அது. 'பெரிய புயல் அடிச்ச வருஷம், ஆடி கிருத்திகைக்கு மறுநாள்' என்று அவர் அம்மா சொன்னது ஒன்று இருக்கும். அதைக் கேட்டு வையுங்கள். அது கிடைக்கவில்லையென்றால் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்களே பிறந்தநாளாக அறிவித்துவிடுங்கள். யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை.

இந்த இதழைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் சங்கத்திலிருந்து, அது டீக்கடை பெஞ்சோ நடைப்பயிற்சிக் கூட்டமோ பஜனைக் குழுவோ, சமீபகாலமாக வராமல் இருப்பவர் யார் என்று யோசியுங்கள். அவர் வீட்டில் கேட்டு ஒரு நாள் குறியுங்கள். போய்வந்த பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்கு எழுதுங்கள். பெயரும் முகவரியும் போடாமல், குடும்பத்தார் சம்மதித்தால் மட்டும், அடுத்து வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். தாம்பரம், கோவளம் சுற்றுவட்டார வாசகர்களின் கடிதங்களுக்கு முதல் இடம்.

அன்புடன்,
ஆசிரியர்